இருபத்தெட்டேகால்

இருபத்தெட்டேகால். இந்த எண் யாருக்குச் சொந்தம்?

அது ஓர் இடுப்பின் அளவு, அங்குலக் கணக்கில். இடுப்புக்கு உரியவளுக்குச் சொந்தமா, நாடாவைச் சுற்றி அளந்தவளுக்கா, அதை எழுதி வைத்த நோட்டுக்கா, துணி வாங்கிக் கொடுத்த ஹோட்டலுக்கா? சட்டம் படித்தவர்களிடம் பதில் இருக்கிறது. ஒன்றுக்கு நான்காக இருக்கிறது. தையல் அக்காவிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் அவள் வேலை பார்த்த விதத்தைக் கவனித்தால், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு இந்தக் கேள்வியும் சேர்ந்தே தொங்கியிருக்கிறது என்று தோன்றும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில். மேலே பளிங்குத் தரையும் மெல்லிய இசையும்; கீழே சலவை இயந்திரங்களின் உறுமலும் சோப்பு வாடையும். சலவை அறைக்கும், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறைக்கும் நடுவே அவளுடைய அறை. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஒரு திரை. ஹோட்டலில் இருநூற்று முப்பது பேர் வேலை பார்த்தார்கள். வாசலில் சல்யூட் அடிப்பவர் முதல் பாத்திரம் கழுவுபவர் வரை அத்தனை பேரின் சீருடையும் இவள் கையைத் தாண்டித்தான் மேலே போகும்.

பெயர்கள் அவள் தலையில் நிற்கவே நிற்காது. தோள்கள் நிற்கும். பத்து வருடம் கழித்து ஒருவர் திரும்பி வந்தாலும், முகத்தைப் பார்த்து முழிப்பாள், முதுகைப் பார்த்ததும், "அடடே, நீங்களா!" என்பாள். அதனால் அவளுடைய நீள நோட்டில் பெயர்கள் கிடையாது, பணியாளர் எண்ணும் கிடையாது. பட்டப்பெயர்தான். 'இறக்கத் தோள்', 'அவசரம்', 'இரண்டு பொத்தான்', 'மூச்சுப்பிடி'. கடைசி ஆள் வாசல்காரர். நாடாவைக் கண்டாலே மார்பை விரித்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். அப்படியே தைத்தால் கோட்டு அவர்மேல் கோணி மாதிரித் தொங்கும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நாடாவைச் சுற்றும்போது ஏதாவது கேட்பாள்.

"பையன் எப்படி இருக்கான்?"

"அதை ஏன் கேக்கறீங்க!" என்று அவர் பெருமூச்சு விடுவார். மார்பு இரண்டு அங்குலம் இறங்கும். அந்த எண்ணைத்தான் எழுதுவாள்.

ஆக, அளவோடு கதையும் வந்து சேர்ந்தது. யாருக்குக் கால் வீங்குகிறது, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, யார் வேறு வேலை தேடுகிறார் எல்லாம் அவளுக்குத் தெரியும். எண்ணையும் கதையையும் அவள் வெளியே விட்டதில்லை. இதைப் பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். தையற்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, அளந்தபடியே உரக்கச் சொல்லிவிட்டு அப்புறம் எழுதுவாள். சமையற்கட்டுக்கே போய்த் தலைமைச் சமையற்காரருக்கு அளவெடுத்தபோது, "இடுப்பு நாப்பத்தாறு" என்று சொன்னாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் சமையற்கட்டில் அவருக்குப் பெயர் போய்விட்டது. "நாப்பத்தாறு, அடுப்பு காலி!" "நாப்பத்தாறு, பெரிய கரண்டி எங்க?" அவரும் சிரித்தார். முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது வாரம் வேலையை விட்டுப் போனார். ஹோட்டலில் அவருடைய உண்மைப் பெயரை இன்று யாரைக் கேட்டாலும் தெரியாது. அந்த எண் மட்டும் இருக்கிறது. அன்று முதல் அவள் வாய்விட்டு அளந்ததில்லை.

வீட்டில் நேர்மாறு. அவளுடைய கணவர் குடிநீர் மீட்டர் படிப்பவர். தெருவே அவரை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடும். வீடு வீடாகப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். குறித்ததை அலுவலகத்தில் கொடுத்துவிடுவார். கொடுத்தது போக மிச்சத்தைச் சாப்பாட்டு மேசையில் கொட்டுவார்.

"இன்னிக்கு ஒரு வீட்டுல மீட்டர் பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு. போன தடவையைவிட ரெண்டு மடங்கு. யாருன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க."

"ரெண்டாவது மாடி. பால்கனியில கிளிக்கூண்டு தொங்கும்."

"இதுக்கு நீங்க பேரையே சொல்லியிருக்கலாம்."

"நான் பேரைச் சொன்னேனா? சொல்லு, சொன்னேனா?"

"அந்தத் தெருவுல எத்தனை வீட்டுல கிளி வளக்கறாங்க?"

மீட்டர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு வீட்டுலதான்."

"அப்புறம்?"

"அது கிளியோட தப்பு. ஆனா ஒண்ணு பாரு, அந்த வீட்டுப் பொண்ணு மட்டும் கோவிச்சுக்கிட்டு வந்திருந்தா இவ்வளவு தண்ணி ஓடாது. மாப்பிள்ளையும் கூடவே வந்திருக்கான்."

"தண்ணியைப் படிச்சுட்டு வாங்கன்னு அனுப்பினா, நீங்க குடும்பத்தைப் படிச்சுட்டு வர்றீங்க."

"தண்ணி வேற, குடும்பம் வேறயா?" என்று அவர் கேட்டார். பேச்சுவாக்கில் கேட்டதுதான். ஆனால் மறுநாள் நாடாவைச் சுற்றும்போதும் அது அவள் காதில் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாவது வருடம் புதிதாக ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. யாருடைய தனிப்பட்ட தகவலையும் அவரைக் கேட்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹோட்டல்காரர்கள் பயந்துபோய் ஒரு வக்கீலை ஏற்பாடு செய்தார்கள். அவர் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கி, எங்கெங்கே என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டார். கடைசியாக அடித்தளத்துக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல பிள்ளை. ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், உங்ககிட்ட யாரைப் பத்தியாவது தனிப்பட்ட தகவல் ஏதாவது இருக்கா?"

"அப்படின்னா என்ன தம்பி?"

"ஒரு ஆளை அடையாளம் காட்டற எந்தத் தகவலும். பேர், முகவரி, ஃபோன் நம்பர், பணியாளர் எண்."

"அது எதுவும் இல்ல. இடுப்பு, மார்பு, தோள், கை இருக்கு."

வக்கீல் நோட்டை வாங்கிப் புரட்டினார். பட்டப்பெயர்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இந்தப் பட்டப்பெயரை எடுத்துட்டா, வெறும் எண்தான். வெறும் எண் தனிப்பட்ட தகவல் ஆகாது."

"ஆகாதா?"

"எப்படி ஆகும்? இதை வெச்சு யாரையும் கண்டுபிடிக்க முடியாதே."

"ஒரு வரி படிங்க. பேரை விரலால மூடிக்குங்க."

அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் படித்தார். "தோள் பதினேழு. வலது கை இருபத்து மூன்றரை. இடது கை இருபத்து நாலேகால்."

"பெட்டி தூக்கறவரு. ரெண்டாவது ஷிஃப்ட். இத்தனை வருஷமா இடது கையாலயே தூக்கறாரு, அந்தப் பக்கத் தோள் இறங்கிடுச்சு. அதான் கை நீளமா வருது."

வக்கீல் விரலை எடுத்துப் பார்த்தார். 'இறக்கத் தோள்' என்று இருந்தது. தலையைச் சொறிந்தார்.

"சரி. ஆனா அது உங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாதே?"

"மத்தவங்கன்னா யாரு?"

"பொதுவா… ஒரு சராசரி ஆளு."

"சராசரி ஆளுக்கு நான் இதுவரைக்கும் ஒரு சட்டைகூடத் தச்சதில்லையே தம்பி."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு அடையாளம் தெரிந்தால் அடையாளம் என்று அர்த்தம்? சட்டத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது; 'நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வழிகளில்' என்று. அந்த வரி அந்த அறைக்குள் வந்ததும் கொஞ்சம் இளைத்துவிட்டதுபோல அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஆனாலும் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்: உண்டு, இல்லை. மூன்றாவது கட்டத்தை யாரும் அச்சடிக்கவில்லை. 'பெயரும் பணியாளர் எண்ணும் நீக்கிய அளவுகள்: தனிப்பட்ட தகவல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் கோட்டின் கிழிந்த உள்பையை அவளிடம் தைத்து வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் வேடிக்கையாகவே முடிந்திருக்கும், முக்கால் வராதிருந்தால்.

முக்கால் வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண். சேர்ந்த அன்று அளந்தபோது தோள் பதிமூன்றே முக்கால், கை இருபத்திரண்டே முக்கால், இடுப்பு இருபத்தாறே முக்கால். "உன்னை ஆண்டவன் முழுசா அளக்காம அவசரத்துல அனுப்பிட்டான் போல," என்று தையல் அக்கா சொல்ல, "மிச்சக் காலை உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாருக்கா," என்று அவள் பட்டென்று சொன்னாள். அன்றே நோட்டில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது.

மூன்றாவது மாதம் வந்து, "பேன்ட் கொஞ்சம் பிடிக்குதுக்கா" என்றாள். தையல் அக்கா பின்தையலைப் பிரித்து முக்கால் அங்குலம் விட்டுக் கொடுத்தாள். ஐந்தாவது மாதக் கடைசியில் முக்கால் மறுபடியும் வந்தாள். திரைக்குப் பின்னால் நாடாவைச் சுற்றியபோது, வாசல்காரரைப்போல இவளும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்சை விடும்மா."

"விட்டுட்டேன்க்கா."

"யாரு, நீயா? விடு. வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

அவள் விட்டாள். மூச்சோடு கண்ணீரும் வந்தது. நாடா இருபத்தெட்டேகாலில் நின்றது. தையல் அக்கா நோட்டில் எழுதினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"எனக்கு எண்ணுதான் தெரியும்."

"இன்னும் அஞ்சு வாரம்க்கா. அஞ்சு வாரத்துல வேலை உறுதி ஆயிடும். அப்புறம் நானே மேலாளர்கிட்டச் சொல்லிடறேன். அதுக்குள்ள தெரிஞ்சா…"

அதுக்குள்ளே தெரிந்தால் என்ன ஆகும் என்பது ஹோட்டலில் எல்லாருக்கும் தெரியும். வேலை உறுதியானவர்களுக்குப் பிரசவ விடுமுறை உண்டு, திரும்பி வந்தால் அதே மேசை உண்டு. பயிற்சிக் காலம் ஆறு மாதம். அதற்குள் யாரையும் காரணம் சொல்லாமல் ஒற்றை வரிக் கடிதத்தில் அனுப்பிவிடலாம். காரணம் எழுதாததால், காரணம் தப்பு என்று யாரும் வழக்குப் போடவும் முடியாது.

தையல் அக்கா பேன்ட்டின் இரண்டு பக்கமும் உள்ளே தெரியாமல் எலாஸ்டிக் வைத்தாள். கோட்டின் இடுப்புப் பிடிப்பைத் தளர்த்தினாள். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. "பரிமாறக் காத்திருக்கறவங்க மாதிரி வயித்துக்கு முன்னாடி கை கட்டி நிக்காத. அதுதான் காட்டிக்கொடுக்கும்," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரமே, வியாழக்கிழமை, பணியாளர் மேலாளர் கீழே இறங்கி வந்தார். சுறுசுறுப்பான மனிதர், கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. பட்டியல்களின் மேல் அவருக்கு ஒரு காதல். எங்கே எண்களைப் பார்த்தாலும் அவற்றின் காதைத் திருகி உண்மையை வரவழைத்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"அக்கா, தலைமை அலுவலகத்துல இனிமே சீருடையை ரெடிமேடா வாங்கப் போறாங்களாம். பயப்படாதீங்க, திருத்தற வேலைக்கு நீங்க இருப்பீங்க. எனக்கு ஒரு அட்டவணை வேணும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பிரிவு, ஆணா பெண்ணா, சேர்ந்த மாசம், இப்போதைய அளவு, கடைசி ஆறு மாசத்துல செஞ்ச திருத்தம், தேதியோட. திங்கட்கிழமை காலையில வேணும்."

"அதுல ஆளுங்க விவரம் எல்லாம் வந்துடுமே சார்."

"பேரும் வேணாம், நம்பரும் வேணாம். அதான் வக்கீலே எழுதிக் கொடுத்துட்டாரே, வெறும் அளவு தனிப்பட்ட தகவல் இல்லைன்னு."

"நேரா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிடவா?"

"என்கிட்டக் கொடுங்க. நான் ஒரு தடவை பார்க்காம எதையும் அனுப்ப மாட்டேன்." அவர் வெட்டு மேசையில் சாய்ந்துகொண்டார். "எண்ணுங்க பேசும், தெரியுமா? ரெண்டு வருஷம் முன்னாடி முதலுதவி நோட்டைப் பார்த்துட்டிருந்தேன். அதுலயும் பேர் கிடையாது. அஞ்சாவது மாடி, காலை ஷிஃப்ட், வாந்தி. மறுபடி அஞ்சாவது மாடி, காலை ஷிஃப்ட், வாந்தி. மூணு தடவை. யாருன்னு நான் கண்டுபிடிச்சேன்ல?"

அது யார் என்று தையல் அக்காவுக்கும் தெரியும். அறை சுத்தம் செய்யும் பெண், பயிற்சிக் காலம். கடைசி நாளில் சீருடையைத் திருப்பிக் கொடுக்க இந்த அறைக்குத்தான் வந்தாள்.

மேலாளர் போனதும் அவள் விரல் விட்டு எண்ணினாள். வரவேற்பு மேசையில் பெண்கள் நான்கு பேர். கடந்த ஆறு மாதத்தில் சேர்ந்தவள் ஒருத்தி. அந்த வரியில் இடுப்புக்கு இரண்டு திருத்தம். பெயர் எதற்கு?

வக்கீல் விட்டுப்போன அட்டையை ஊசிப்பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்து ஃபோன் செய்தாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். நாலு பேர் இருக்கற பிரிவுல, ஒருத்தர் மட்டும் புதுசுன்னா, அந்த வரியில பேர் இல்லாட்டியும் யாருன்னு தெரிஞ்சுடுமே?"

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "தெரியும். அப்படித் தனியா எடுத்துக் காட்டினா அது தனிப்பட்ட தகவல்தான்னு வாதாடலாம்."

"அப்ப கொடுக்க வேணாம், இல்ல?"

"வாதாடலாம்னு சொன்னேன் மேடம். சூழலைப் பொறுத்து. யார் பார்க்கறாங்க, அவங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அதையெல்லாம் பார்க்கணும். சேர்ந்த மாசத்தை எடுத்துடச் சொல்லிப் பாருங்களேன்."

"எடுத்துட்டா சீருடை எவ்வளவு தேஞ்சிருக்கும்னு கணக்குப் போட முடியாதுன்னுவாரு."

"அப்ப நான் முறையா ஒரு கருத்து எழுதித் தர்றேன். நல்ல கேள்வி இது. மூணு வாரம் ஆகும்."

"திங்கட்கிழமை கேக்கறாங்க."

"அந்தப் பொண்ணு யாருன்னு சொன்னா, நானே மேலாளர்கிட்ட…"

"பொண்ணுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு அவள் ஃபோனை வைத்தாள்.

வெள்ளியும் சனியும் அவள் வெட்டு மேசையில் உட்கார்ந்து அட்டவணையை நிரப்பினாள். யாராவது அளவெடுக்க வந்தால் அதன்மேல் துணியைப் போட்டு மூடினாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட மேலே போகவில்லை. திங்கட்கிழமை காலையில் பத்துத் தாள்களை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

பத்தரை மணிக்கு அவர் ஃபோன் செய்தார். குரலில் சிரிப்பும் திகைப்பும் கலந்திருந்தன.

"அக்கா, நிஜமாவா? அத்தனை பொம்பளைங்களுக்கும் இடுப்பு ஏறியிருக்கு?"

"அளந்து எழுதினது நான்தான் சார்."

"அறுபத்தோரு பேருக்கும்? ஒன்றரை இன்ச்?"

"கேன்டீன் சாப்பாடு நல்லா இருக்கு போல சார்."

அவர் நம்பினார். இவள் கால் அங்குலம் தவறி அந்த ஹோட்டலில் யாரும் பார்த்ததில்லை. நம்பாமல் இருக்கக் காரணம் கிடையாது. எண்களின் காதைத் திருகினார், அவையும் பேசின. மத்தியானமே ஒரு சுற்றறிக்கை வந்தது: பணியாளர்களின் உடல்நலம் கருதி, கேன்டீனில் இனிமேல் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு கிடையாது.

அடித்தளம் வரைக்கும் புலம்பல் கேட்டது. சலவை அறைப் பெண்கள் யாரோ கண் வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து முக்காலே வந்து நின்றாள்.

"அக்கா, நம்ம எல்லாரோட இடுப்பும் ஏறிடுச்சுன்னு எவளோ மேலாளர்கிட்டப் போட்டுக்கொடுத்துட்டாளாம். எனக்கு இப்பத்தான் இனிப்பு இனிப்பா வேணும்னு இருக்கு. அவ மட்டும் என் கையில கிடைச்சா…"

"கிடைச்சா?"

"நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

"நல்லாக் கேளு," என்று சொல்லி, தையல் அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.

ஐந்து வாரம் போனது. முக்காலுக்கு வேலை உறுதியானது. மறுநாள் அவளே மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையைக் குலுக்கி வாழ்த்தினார். மனதாரத்தான் வாழ்த்தினார் என்கிறார்கள். வக்கீலின் கருத்தும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஏழு பக்கம். 'சூழலைப் பொறுத்தது' என்பது அதில் பதினொரு இடத்தில் இருந்தது.

அப்புறம் ரெடிமேட் சீருடைகள் வந்தன. ஆண்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பெண்களின் பேன்ட்டுகள் இடுப்பில் நிற்கவில்லை. அறைப் பெண்கள் ஒரு கையில் துடைப்பமும் ஒரு கையில் இடுப்புமாக நடந்தார்கள். வரவேற்பு மேசையில் மூத்தவள் ஒருத்தி விருந்தாளியைக் கைகூப்பி வரவேற்கப் போய், பாதியில் கையை இறக்கிப் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டாள். அறுபது பேன்ட்டுகள் அடித்தளத்துக்குத் திரும்பி வந்தன, பிடித்துத் தைக்க. அறுபத்தொன்றாவதும் வந்தது, இன்னும் பிரித்து விட.

ஹோட்டலில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உலவின. ஒன்று, அவளுக்குக் கண் போய்விட்டது. அப்படியானால் நூற்று அறுபத்தொன்பது ஆண்களின் வரிகளில் ஏன் ஒரு நூலிழைப் பிழைகூட இல்லை? இரண்டு, ரெடிமேட் வந்தால் தன் பிழைப்பு போய்விடும் என்று வேண்டுமென்றே கெடுத்தாள். அப்படியானால் ஆண்களை மட்டும் ஏன் விட்டுவைத்தாள்? ஆண்களுடையதைக் கெடுத்திருந்தால்தான் மேலிடத்தில் சத்தம் பெரிதாக எழுந்திருக்கும்.

அவளைப் புகழ்ந்துவிடவும் அவசரப்பட வேண்டாம். அறுபது பெண்களின் உடம்பைப் பற்றி, அவர்களைக் கேட்காமல், அவள் பொய் எழுதினாள். அந்த அறுபது எண்களும் அவளுக்குச் சொந்தம் என்று யார் சொன்னது? நாப்பத்தாறு என்று உரக்கச் சொன்னது தப்பென்றால் இதுவும் ஒரு கணக்கில் தப்புத்தான். அவர்களுக்குப் போனது ஒரு கிண்ணம் இனிப்புதான் என்றாலும்.

மீட்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்தார். பல வருடமாக எண்களைப் படித்த மனிதர்.

"யாருன்னு சொல்ல வேணாம். ஒருத்தருக்காகத்தானே?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

"சரி, சொல்லாத. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. அந்த ஒரு வரியில மட்டும் பழைய அளவை எழுதியிருந்தா முடிஞ்சுபோச்சு. ஒரு பொய். யாருக்கும் தெரிஞ்சிருக்காது, உன் பேரும் கெட்டிருக்காது. அதை விட்டுட்டு எதுக்கு அறுபது பொய்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தப் பத்துத் தாள்களில், பெண்கள் பக்கத்தில், அளந்தது அளந்தபடியே எழுதப்பட்ட வரி ஒன்றே ஒன்றுதான். வரவேற்பு மேசை, பெண், இடுப்பு இருபத்தெட்டேகால். அந்த ஒரு வரியை மட்டும் அவள் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகத்தை மாற்றி எழுதினாள்.

"சாப்பாடு ஆறுது," என்றாள்.

திங்கட்கிழமை அவளுக்கு மெமோ வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் மெமோ. மேலே குற்றச்சாட்டு, தட்டச்சில். அதன் கீழே 'பணியாளரின் விளக்கம்' என்று போட்டு, ஆறு கோடு இழுத்திருந்தார்கள். விளக்கம் திருப்தியாக இருந்தால் பதிவேட்டில் ஏறாது என்று மேலாளர் தாமே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். கண்ணில் கோளாறு என்று ஒரு வரி எழுதினால்கூடப் போதும் என்றார். அவள் மெமோவை வெட்டு மேசையில் வைத்து, சாக்குக்கட்டித் தூள் ஒட்டாமல் துடைத்தாள். பேனாவை எடுத்தாள். ஆறு கோடுகளையும் அப்படியே விட்டுவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டாள்.